ஓரத்தில் சேர்வது

பெருங்களத்தூர் – செங்கல்பட்டு

பைக்கில் கிளம்புகிறவருக்கு நம் வீடுகளில் சொல்லி அனுப்பும் புத்திமதி எப்போதும் ஒன்றுதான்: ஓரமாகவே போ. தெருவிலும் ஊர்ச்சாலையிலும் அது உயிரைக் காக்கும். பெருங்களத்தூரைத் தாண்டிப் பேருந்துகளும் கன்டெய்னர் லாரிகளும் வேகமெடுக்கும் இடத்திலிருந்து அந்தப் புத்திமதி கொஞ்சம் கொஞ்சமாகத் தலைகீழாகிறது. சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை ஏறத்தாழ 700 கிலோமீட்டர். மணல், ஜல்லி, டயர்த் துண்டு, கரும்பு, கல், ஆணி என்று இரண்டு சக்கரத்தில் போகிறவரைக் கீழே தள்ளக்கூடிய எதுவும் அந்தத் தூரம் முழுக்கக் கடைசியில் வந்து சேருவது சாலையின் இடது ஓரத்தில்தான். பைக்குக்கு என்று நாம் ஒதுக்கிவைத்த இடமும் அதே ஓரம்தான். தெற்கே போகப் போக எனக்கு உறுதிப்பட்ட கருத்து இது: நெடுஞ்சாலையில் ஓரம் என்பது, தேவை வரும்போது பார்த்துச் சில நொடிகள் ஒதுங்குவதற்கான இடம். பயணம் முழுக்க ஓட்டிக்கொண்டு போவதற்கான இடம் அல்ல.

காரணம் சாலையின் அமைப்பிலேயே இருக்கிறது. மழைநீர் தேங்காமல் வடிய வேண்டும் என்று சாலைக்கு ஓரம் நோக்கிச் சரிவு கொடுக்கிறார்கள். நீரோடு மணலும் பொடிக்கல்லும் அந்தச் சரிவில் இறங்குகின்றன. மழை இல்லாத நாளில் அந்த வேலையைச் சக்கரங்கள் செய்கின்றன. ஒரு தடத்தில் நாள் முழுக்க லாரிகள் ஓடினால், அவற்றின் டயர்கள் பதியும் இரண்டு கோடுகளும் துடைப்பத்தால் பெருக்கியதுபோல் சுத்தமாகிவிடும். அங்கிருந்து எகிறியதெல்லாம் ஓரத்துக்கும், தடத்தின் நடுவில் எண்ணெய் சொட்டிக் கறுத்த பட்டைக்கும், வலப்பக்கம் தடுப்புச்சுவரின் அடிக்கும் போய்ச் சேரும். கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோயில் வழியில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். இரு பக்கமும் கட்டடங்கள் எழும் பகுதி அது. எம்-சாண்ட் லாரி வளைவில் சிந்திய மணல் ஓரத்தில் மெல்லிய படலமாக விரிந்திருக்கும். ரெடிமிக்ஸ் லாரி சிந்திய கான்கிரீட் அதே இடத்தில் இறுகிக் கட்டியாக ஒட்டியிருக்கும். அதை மழையும் கரைக்காது, காற்றும் நகர்த்தாது. சக்கரத் தடத்திலோ இவை இரண்டும் அநேகமாக இருப்பதில்லை.

இங்கேயே ஒரு மறுப்பு எழும். தடத்தின் உள்ளே ஓட்டினால் பின்னால் வரும் வண்டி இடித்துவிடாதா? நியாயமான பயம். நம் நாட்டு விபத்துகளில் பின்னாலிருந்து மோதுவது முதன்மையான வகைகளில் ஒன்று. ஆனால் நான் சொல்வது வலப்பக்க விரைவுத் தடத்தை அல்ல. இடதுபுறத் தடத்துக்குள்ளேயே, லாரியின் சக்கரங்கள் துடைத்த கோட்டின்மேல் ஓட்டுவதைத்தான் சொல்கிறேன். இடதுபக்கமாக ஓட்ட வேண்டும் என்ற சட்டம் அதனால் மீறப்படுவதில்லை, ஏனென்றால் இடது தடம் வேறு, அதற்கு அப்பால் உள்ள ஓரம் வேறு. லோடு ஏற்றிய லாரி மணிக்கு 60 கிலோமீட்டர் அளவில் போகிற தடம் அது; 100 சிசி வண்டியும் அங்கே ஈடுகொடுக்கும். கண்ணாடியில் ஒரு பேருந்து விரைந்து நெருங்குவது தெரிந்தால், முன்னால் ஓரம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டுத் திரும்ப வந்துவிடலாம். எப்போதும் ஓரத்திலேயே போகிறவருக்கு இப்படி ஒதுங்க இடமே மிச்சமில்லை. மணல் திட்டோ நின்றுபோன லாரியோ வந்தால் அவர் வலப்பக்கம்தான் திரும்பியாக வேண்டும், அதுவும் பின்னால் வருகிறவர் எதிர்பாராத நொடியில். இடித்துவிடுவார்களோ என்று பயந்து ஓரத்துக்குப் போனவர் அந்த ஆபத்தை அங்கேதான் சந்திக்கிறார்.

மதுராந்தகம் – திண்டிவனம்

பாலாற்றைத் தாண்டியதும் காற்றின் வாசனை மாறுகிறது. மதுராந்தகம் ஏரியின் நீண்ட கரை, அதன் கீழே பச்சை வயல்கள், வேடந்தாங்கலுக்குப் போகும் வழியைக் காட்டும் பலகை; சென்னைக்காரருக்கு முதன்முதலாகக் கண் ஆறுகிற இடம் இதுதான். மார்கழி, தை மாதங்களில் மேல்மருவத்தூருக்குச் சிவப்பு உடை அணிந்து வருகிறவர்கள் சாலையோரத்தை நிறைத்திருப்பார்கள். நடந்து வருகிறவர்களுக்குத் தண்ணீரும் சோறும் கொடுப்பது இந்த மண்ணின் பழைய தர்மம். சூடான சாம்பார் சாதத்தையும் பொங்கலையும் கூப்பிட்டுக் கொடுக்கிறவர்களின் முகத்தில் தெரியும் நிறைவை யாரும் குறை சொல்ல முடியாது. சாப்பிட்ட தட்டும் தண்ணீர் பாட்டிலும் விழும் இடம் மட்டும் அதே ஓரம். ஈரமான தொன்னையின்மேல் முன்சக்கரம் ஏறினால் வழுக்கும்; சோற்றைத் தேடி நாயும் மாடும் வரும்; இரவில் அடிபட்ட நாய் காலையில் இன்னொருவர் சக்கரத்தின் கீழ் வரும். பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கும், கடைசிப் பந்தி முடிந்ததும் கூட்டுகிற இரண்டு ஆட்களும் இருந்தால் இந்தச் சங்கிலியே உண்டாகாது. பெரும் அண்டா வைத்துச் சமைக்கிறவர்களுக்கு இது பெரிய செலவல்ல.

அச்சிறுபாக்கத்தைக் கடந்து திண்டிவனம் நெருங்கும்போது அறுவடைக் காலமாக இருந்தால், அணுகுசாலையில் ஒரு பாதியும் சில இடங்களில் முதன்மைச் சாலையின் ஓரமும் நெல்லாலும் உளுந்தாலும் மூடிக் கிடக்கும். முக்காடு போட்ட பெண்கள் காலால் அலைந்து கிளறிவிடுவார்கள். தானியத்தின்மேல் வண்டி ஏறாமலிருக்க வரிசையாகக் கல் வைத்திருப்பார்கள். பைக்குக்கு இதில் ஆபத்து இரண்டு மடங்கு. தானியமணிகள் டயருக்கும் தாருக்கும் இடையே உருளும், அதனால் பிரேக் பிடித்தால் பிடிப்பு இருக்காது. அதைவிடக் கொடியது அந்தக் கல். மாலையில் தானியத்தை அள்ளிக்கொண்டு போகும்போது கல் அங்கேயே நின்றுவிடும். பகலில் தானியத்துக்கு எல்லையாக இருந்த கல்லை இருட்டில் காரணம் தெரியாமல் போய் மோதுகிறார் ஒருவர்.

விவசாயிக்கு வேறு இடம் ஏது என்று கேட்பார்கள். உண்மைதான், அறுத்த நெல்லில் ஈரம் இருந்தால் விலை போகாது, மழை மேகம் காத்திருக்காது, வெயிலில் காய்ந்த தார் அவருக்குக் கிடைக்கும் சிறந்த களம். ஆகையால் குற்றவாளி என்று அவரை நிறுத்த எனக்கு மனமில்லை. ஊருக்கு ஊர் சிமென்ட் உலர்களம் வேண்டும். இருக்கிற களம் பழுதாகிக் கிடந்தால் அதைச் சரிசெய்ய வேண்டும். அது அரசின் வேலை. அதுவரை, கல்லுக்குப் பதிலாக மணல் நிரப்பிய சாக்கை வைக்கலாம், இருட்டும்போது எடுத்துவிடலாம். இந்த அளவு ஏற்பாட்டை அந்த ஊர்ப் பெரியவர்களிடம் எடுத்துச் சொன்னால் கேட்காதவர்கள் அல்ல அவர்கள். அந்தச் சாலையில் இரவு டிவிஎஸ் ஐம்பதில் வீடு திரும்புகிறவர் பெரும்பாலும் அவர்கள் வீட்டுப் பிள்ளைதான்.

விழுப்புரம் – உளுந்தூர்பேட்டை

விழுப்புரம் கரும்பு பூமி. முண்டியம்பாக்கம் ஆலை அரவை தொடங்கிவிட்டால் டிராக்டர்களும் லாரிகளும் உடம்பைவிட அகலமாகச் சுமை ஏற்றிக்கொண்டு ஊர்ந்து வரும். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் தோகை உராய்ந்து உராய்ந்து இரண்டொரு கரும்பாக உருவிக்கொண்டு விழும். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் ஓடி எடுப்பார்கள், மாடுகள் தோகையைத் தின்னும். மிச்சம் சாலையில் கிடக்கும். வண்டியின் உடம்பை மீறிச் சுமை நீண்டால் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம். வெட்டுக்கூலியும் வாடகையும் போக மிஞ்சுவதைக் கணக்குப் பார்க்கிற கரும்பு விவசாயியிடம் அந்தத் தொகையைக் கேட்பது பெரிய சுமை என்பதால் சட்டம் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொள்கிறது. ஆலை தன் வாசலில், குறுக்கே இரண்டு கயிறு கட்டாத வண்டிக்கு டோக்கன் இல்லை என்று ஒரு விதி வைத்தால் அபராதம் இல்லாமலே பாதிச் சிக்கல் தீரும். சுமை எங்கே போய் இறங்குகிறதோ அங்கேதான் கட்டுப்பாடு எளிது.

விழுந்த கரும்பு முன்னால் தெரியும்போது என்ன செய்வது? பைக் ஓட்டுகிறவர்கள் பெருமையாகச் சொல்லும் பதில், சட்டென்று வளைத்துத் தப்பிப்பது. என் வாதத்துக்கு வரும் மிக வலுவான மறுப்பும் இதுதான்: கை தேர்ந்தவனுக்கு ஓரமும் ஒன்றுதான், நடுவும் ஒன்றுதான், எதையும் வெட்டி ஓட்டிவிடுவான் என்பது. இதை நான் ஏற்கவில்லை. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கத்தின் பாதுகாப்பு ஆய்வு அறக்கட்டளை 2016-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2011 முதல் 2014 வரையான நான்கு ஆண்டுகளில் அந்நாட்டுச் சாலைகளில் கிடந்த பொருள்களால் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட விபத்துகள் நேர்ந்து ஏறத்தாழ 500 பேர் இறந்திருக்கிறார்கள். அந்தச் சாவுகளில் 37 சதவீதத்துக்கு நெருக்கமானவை, பொருளில் மோதாமலிருக்க வண்டியைத் திருப்பியதால் வந்தவை. அந்தக் கணக்கில் பெரும்பகுதி நான்கு சக்கர வண்டிகள்தானே என்று கேட்கலாம். இரண்டு சக்கரத்துக்கு நிலைமை அதைவிட மோசம். பைக் சாய்ந்துதான் திரும்பும். சாயும்போது டயரின் பிடிப்பில் பெரும்பங்கு திருப்பத்துக்கே செலவாகிவிடும். அந்த நொடியில் பிரேக்கையும் அழுத்தினால் தாங்க மிச்சம் இருக்காது. மணல் படிந்த ஓரத்தில் அந்தப் பிடிப்பே பாதிதான்.

கரும்பு, மரக்கிளை, தட்டையான டயர்த் துண்டு போன்றவற்றைத் தவிர்க்க நேரமில்லை என்றால் அவற்றின்மேல் நேராக ஏறிக் கடப்பதே மேல். பொருளுக்கு முன்னால், வண்டி நிமிர்ந்திருக்கும்போதே, பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். அதைத் தொடும் முன் பிரேக்கை விட்டுவிட வேண்டும், ஏனென்றால் பிரேக் பிடித்த முன்சக்கரம் அழுந்தி நிற்கும், மேடேறாமல் முட்டும். முட்டியால் டாங்கை இறுக்கி, ஃபுட்ரெஸ்ட்டில் ஊன்றி உடம்பை லேசாகத் தூக்கி, கைப்பிடியை நழுவ விடாமலும் இறுக்கிப் பிடிக்காமலும் வைத்துக்கொண்டு, ஆக்சிலேட்டரை மாற்றாமல் நேர்குறுக்காகக் கடக்க வேண்டும். சரிவாக ஏறினால் கரும்பு உருண்டு சக்கரத்தைத் தன்னோடு இழுத்துப் போகும். கண் அந்தப் பொருளின்மேல் நிலைகுத்தக் கூடாது. கண் போகும் திசையில்தான் வண்டி போகும். பாறாங்கல், லாரி ஜாக்கி, இரும்புக் கம்பி போன்றவற்றுக்கு இது பொருந்தாது. அவற்றை எட்டத்திலேயே பார்த்து மெல்லத் தடம் மாற வேண்டும், இல்லாவிட்டால் நிற்க வேண்டும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயமாகியிருக்கிறது, அதுவே காப்பாற்றாதா என்று சிலர் நம்பிக்கையோடு கேட்கிறார்கள். தாரில் அது நல்ல துணை. உதிரி மணலிலும் ஜல்லியிலும் அது சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும், ஆனால் நிற்கும் தூரத்தைக் குறைத்துத் தராது. இந்தச் சாலையில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை 100, 125 சிசி வகை. அவற்றுக்கு அந்தக் கட்டாயமும் அப்போது வரவில்லை.

பெரம்பலூர் – பாடாலூர்

உளுந்தூர்பேட்டைக்குத் தெற்கே சாலை அகன்று, நேராகி, வெயிலில் வெறிச்சோடும். மக்காச்சோளமும் பருத்தியும் நிற்கும் காடுகள், நடுவே மொட்டைப் பாறைகள், தூரத்தில் கிரஷர்களின் வெண்தூசி. பெரம்பலூர்ப் பக்கத்து ஜல்லி மாவட்டம் தாண்டியும் போகிறது. படுதா போடாமல் குவித்து ஏற்றிய லாரியிலிருந்து ஒவ்வொரு வேகத்தடையிலும் கையளவு ஜல்லி சிந்தும். டயர்த் துண்டுகள் அடர்த்தியாகக் கிடப்பதும் இந்த வெட்டவெளியில்தான். மதிய வெயிலில் தார் கொதிக்க, காற்றுக் குறைந்த டயர் அளவுக்கு மீறிய சுமையில் வளைந்து வளைந்து சூடேறி, பட்டன் பகுதி பட்டையாக உரிந்து பறக்கும். உள்ளே எஃகுக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். தார் கறுப்பு, ரப்பரும் கறுப்பு. அந்தியில் இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கண்ணால் முடியாது.

எல்லாம் தேய்ந்த டயரின்மேல் புதுப் பட்டை ஒட்டிய ரீட்ரேட் டயரால் வந்த வினை, அதைத் தடை செய்தால் போதும் என்பது டீக்கடை பெஞ்சில் எளிதாகக் கிடைக்கும் தீர்ப்பு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் அமெரிக்க அரசுக்காக நெடுஞ்சாலைகளில் பொறுக்கிய டயர்த் துண்டுகளை ஒவ்வொன்றாகச் சோதித்து 2008-இல் அறிக்கை தந்தது. ரீட்ரேட் செய்த முறையில் இருந்த குறையே முதன்மைக் காரணம் என்று அது சொல்லவில்லை. சாலையில் கிடந்த பொருள் குத்தியதும், அதிகச் சூடும் புது டயரையும் பழைய டயரையும் ஒரே மாதிரி கிழித்திருந்தன. இதில் ஒரு கொடுமை இருக்கிறது: சாலையில் கிடக்கும் ஆணியும் கம்பியும் லாரி டயரைக் கிழிக்கின்றன, கிழிந்த டயர் அடுத்தவருக்கு முன்னால் போய்க் கிடக்கிறது. ரீட்ரேட்டைத் தடை செய்தால் ஒற்றை லாரி வைத்துப் பிழைக்கும் உரிமையாளர் மொட்டை டயரோடு ஓட்டுவார். காற்றை அளந்து பார்க்கும் பழக்கமும் எடைக்கு ஏற்ற சுமையும்தான் மருந்து.

பைக் ஓட்டுகிறவர் கையில் இருக்கும் மருந்து இடைவெளி. மத்திய அரசின் 2018 அறிவிக்கை நான்குவழிச் சாலையில் இருசக்கர வண்டிக்கு வைத்த உச்ச வேகம் 80 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறோம். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போக ஒரு நொடி, அதன்பின் காய்ந்த தாரில் நன்றாகப் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 40 மீட்டர்; மொத்தம் 60 மீட்டருக்குச் சற்று மேல். லாரிக்குப் பின்னால் இரண்டு நொடி இடைவெளி என்றால் 44 மீட்டர்தான். லாரி ஒரு டயர்த் துண்டைத் தன் சக்கரங்களுக்கு நடுவே விட்டுக் கடக்கும்; அது வயிற்றின் அடியிலிருந்து வெளிப்படும்போதுதான் பின்னால் வருகிறவர் பார்ப்பார். 44 மீட்டரில் நிற்க முடியாது என்று கணக்கே சொல்கிறது. மூன்று நொடி விட்டால் 67 மீட்டர், நின்றுவிடலாம். முன்வண்டி ஒரு கிலோமீட்டர் கல்லைத் தாண்டியதிலிருந்து நாம் அதைத் தொடும்வரை நிதானமாக மூன்று எண்ணினால் போதும். அந்த இடைவெளியில் இன்னொருவன் நுழைந்துவிடுவானே என்பார்கள். நுழையட்டும். மறுபடி மூன்று எண்ணி விலகுவதால் போகும் நேரம் ஒரு டீ குடிக்கும் நேரம்கூட இல்லை. இரவில் 80 வேண்டவே வேண்டாம் என்பேன், ஏனென்றால் சாதாரண பைக்கின் தாழ்ந்த ஒளி 60 மீட்டருக்கு அப்பால் கிடக்கும் கறுப்பு ரப்பரைக் காட்டித் தராது.

பாடாலூர் சுற்றுவட்டாரத்தில் லாரிகள் ஓரங்கட்டும் இடங்களில் இன்னொன்றும் கிடக்கும். பஞ்சரான லாரி நகராமலிருக்கச் சக்கரத்துக்கு அண்டைக் கல், பின்னால் வருகிறவருக்கு எச்சரிக்கையாகச் சாலையில் கொத்தாகத் தழை. கிளீனர் பையனுக்குத் தெரிந்த முதல் பாதுகாப்புப் பாடம் அது, அதில் பிறர்மேல் அக்கறையும் உண்டு. டயர் மாட்டி முடித்ததும் வியர்வையோடு ஏறிப் போய்விடுவார்கள், கல்லும் தழையும் தங்கிவிடும். எச்சரிக்கை முக்கோணமும் மரக்கட்டையும் லாரியில் இருந்தால் அவற்றை மறக்காமல் எடுத்துப் போவார்கள், ஏனென்றால் அவை காசு கொடுத்து வாங்கியவை. கல்லை எடுத்துப் போக யாருக்கும் காரணமில்லை.

திருச்சி

சமயபுரத்தைக் கடந்து கொள்ளிடமும் காவிரியும் அடுத்தடுத்து வரும்போது தென்னையும் வாழையும் சூழ்ந்து காற்று குளிரும். மலைக்கோட்டை ஒருபக்கம், திருவரங்கத்துக் கோபுரம் ஒருபக்கம். இங்கே ஓரத்தில் கிடப்பது வாழைச் சருகும் மட்டையும். நனைந்த வாழைமட்டையின் வழுக்கல் எண்ணெய்க்குக் குறைந்ததல்ல. பாலங்களில் இணைப்பு இரும்புகளின் பள்ளத்திலும் கைப்பிடிச் சுவரின் அடியிலும் மணல் தேங்கும், அது காற்றில் போகவும் வழியில்லை. பாலத்தின்மேல் ஓரம் ஒதுங்குவது மற்ற எந்த இடத்தையும்விடப் பயனற்றது.

மேலூர் – மதுரை

விராலிமலை, துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி. குன்றுகளும் மயில்களும் ஆடுகளும் உள்ள இந்தப் பகுதியில் சாலை ஓரளவு சுத்தம். மேலூரைத் தாண்டி யானைமலை படுத்த கோலத்தில் தெரியத் தொடங்கும்போது மதுரையின் நெரிசலும் தொடங்கிவிடும். கடைகள் சாலையை ஒட்டி வரும் இடங்களில் அமாவாசையன்றும் ஆயுத பூஜையன்றும் பூசணிக்காய் உடைப்பார்கள். திருஷ்டி கழிய வேண்டும் என்ற நம்பிக்கையை நான் எதிர்க்கவில்லை. உடைத்த காயின் சதையும் விதையும் குங்கும நீரும் தார்மேல் பரவிக் கிடக்க, பின்சக்கரம் அதன்மேல் ஏறினால் எந்த ஓட்டுநராலும் பிடித்து நிறுத்த முடியாது. ஒவ்வோர் ஆண்டும் காவல்துறை சாலையில் உடைக்காதீர்கள் என்று வேண்டுகோள் விடுக்கிறது, ஒவ்வோர் ஆண்டும் யாராவது விழுகிறார்கள். தன் கடைக்கும் வண்டிக்கும் தீங்கு வரக்கூடாது என்று உடைக்கிறவர் அடுத்தவர் வீட்டுக்குத் தீங்கை அனுப்புவது அந்த வேண்டுதலுக்கே முரண். உடைத்து, தெய்வத்தைக் கும்பிட்டு, உடனே அள்ளிச் சாலைக்கு வெளியே மண்ணில் போட இரண்டு நிமிடம் ஆகும். இறுதி ஊர்வலங்களில் வீசும் மாலைகளுக்கும் இது பொருந்தும். நசுங்கிய ரோஜாவும் செவ்வந்தியும் தாரில் குழம்பாகிவிடும். துக்கத்தில் இருக்கிறவர்களிடம் இதைச் சொல்வது கடினம். ஊர்வலத்தின் பின்னால் ஒரு கோணியோடு இரண்டு இளைஞர்கள் நடக்கலாம், அது இறந்தவருக்குச் செய்யும் மரியாதையாகவே இருக்கும்.

விருதுநகர் – கோவில்பட்டி

மதுரையில் ஜிகர்தண்டா, விருதுநகரில் எண்ணெயில் பொரித்த பரோட்டா, சாத்தூரில் காராச்சேவும் வெள்ளரிப்பிஞ்சும், கோவில்பட்டியில் கடலைமிட்டாய் என்று வாய்க்குச் சுவை மாறிக்கொண்டே போகும் வழி இது. மண்ணும் மாறுகிறது. கரிசல் கோடையில் வெடித்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் களியாகும். காட்டிலிருந்து ஏறும் டிராக்டர் தன் பெரிய சக்கரங்களில் அப்பிய கரிசலைச் சாலையில் உதிர்த்துக்கொண்டே போகும். அடுத்த தூறலில் அது சோப்பு பூசியதாகிவிடும். காட்டுப் பாதை நெடுஞ்சாலையில் சேரும் ஒவ்வொரு விலக்கிலும் இந்தக் கறுப்புத் தடம் ஓரத்தில்தான் தொடங்கும். மழைநாளில் அந்த விலக்குகளுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துத் தடத்தின் உட்புறம் நகர்ந்துவிட வேண்டும்.

இந்தப் பகுதியின் பஞ்சர் கடைகள் சாலையைப் பற்றிய சிறந்த ஆவணம். வேப்பமரத்தடியில் கம்ப்ரசரும் தண்ணீர்த் தொட்டியுமாக உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சிகளைக் கேட்டால், டயரிலிருந்து பிடுங்கியவற்றை வைத்தே பக்கத்தில் என்ன வேலை நடக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். பெட்டி அடிக்கும் ஆணி என்றால் தக்காளி, பழ லாரி. கட்டுக்கம்பி என்றால் கட்டட வேலை. மெல்லிய எஃகுக் கம்பி என்றால் லாரி டயரே. பஞ்சராவது பெரும்பாலும் பின்சக்கரம்தான். முன்சக்கரம் ஆணியைத் தட்டி நிமிர்த்திவிட, பின்னால் வருவது அதை வாங்கிக்கொள்ளும். ட்யூப் டயரில் ஆணி குத்தினால் காற்று மளமளவென்று இறங்கி வண்டி அலைபாயும்; ட்யூப்லெஸ்ஸில் மெல்ல இறங்கும், ஒதுங்கி நிற்க அவகாசம் தரும். நெடும்பயணம் போகிறவர் செலவழிக்க ஓர் இடம் இருந்தால் அது இங்கேதான். அப்போதும் திடீர் பிரேக் கூடாது, ஆக்சிலேட்டரைக் குறைத்து நேராகவே போய் நிற்க வேண்டும். எந்தத் தடத்தில் ஓட்டினாலும் பஞ்சர் ஆகத்தானே செய்கிறது என்று கேட்பவர்களுக்கு: ஆகும், ஆனால் லாரி டயர்கள் நாள் முழுக்கத் துடைத்த கோட்டில் கிடக்கும் ஆணி ஏற்கெனவே ஏதோ ஒரு லாரியோடு போயிருக்கும், அல்லது ஓரத்துக்கு எகிறியிருக்கும்.

நாங்குநேரி – காவல்கிணறு

திருநெல்வேலிக்குத் தெற்கே மேற்குத்தொடர்ச்சி மலை வலப்பக்கம் நெருங்கி வருகிறது. பணகுடியில் மகேந்திரகிரி, அதற்கு அப்பால் முப்பந்தலின் காற்றாலைகள். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று பைக்கைப் பக்கவாட்டில் ஓர் அடி நகர்த்திவிடும். ஓரத்தை ஒட்டி ஓட்டுகிறவருக்கு அந்த ஓர் அடி சாலைக்கு வெளியே. காற்றில் உதிர்ந்த பனைமட்டையின் கருக்கு வாள்போல் இருக்கும், படுதாவும் சாக்கும் பறந்து வரும். காவல்கிணறு விலக்கில் நாகர்கோவில் பக்கம் திரும்பும் கனிம லாரிகள் கேரளத்துக்குக் கல்லும் எம்-சாண்டும் கொண்டுபோகும் வழியும் இதுவே என்பதால், பெரம்பலூரில் பார்த்த ஜல்லி இங்கே இன்னும் தாராளமாகச் சிதறியிருக்கும்.

இவ்வளவையும் அகற்ற வேண்டியது யார்? சுங்கம் வாங்கும் நெடுஞ்சாலையில் ரோந்து வண்டி ஓட்டி, சாலையில் கிடப்பதை அகற்றுவது அதை நடத்துகிறவரின் பொறுப்பு. பைக்குக்குச் சுங்கமே கிடையாது, கட்டாதவர் என்ன கேட்க முடியும் என்ற குரலும் உண்டு. பைக்கில் ஊற்றும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் சாலைக்கான மேல்வரி சேர்ந்தே இருக்கிறது. அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு: 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் இருசக்கர வண்டிகளில் போனவர்கள். சாலையில் அதிகம் சாகிறவரின் இடம் சாலையிலேயே கடைசியாகக் கூட்டப்படுகிற இடமாக இருப்பதை எந்தச் சுங்கக் கணக்கும் நியாயப்படுத்தாது. ஒவ்வொரு சுங்கப் பகுதியிலும் இடது ஓரத்தையும் பாலங்களின் அடிச்சுவரையும் கூட்டும் நாள் எது, கடைசியாகக் கூட்டியது எப்போது என்று பலகையில் எழுதி வைக்கும்படி கேட்கலாம். அதுவரை, பெரிய பொருள் கிடப்பதைப் பார்த்தால் பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி 1033-க்கு அழைக்கலாம். நெடுஞ்சாலை ஆணையத்தின் இருபத்துநான்கு மணி நேர எண் அது. கிலோமீட்டர் கல்லில் உள்ள எண், போகும் திசை, எந்தத் தடம், என்ன பொருள் ஆகிய நான்கையும் சொன்னால் ரோந்து வண்டி தேடி அலைய வேண்டியிருக்காது.